நெட்வொர்க் மாறிய பிறகு எங்களுக்கு யார் பொறுப்பு? டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமையை எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அந்த உரிமையைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பழைய நிறுவனத்திலிருந்து எண் கிளம்பும் வரைக்கும் உங்கள் விதிகள் வாடிக்கையாளர் பக்கம் நிற்கின்றன. புதிய சிம்மில் எண் உயிர் பெற்ற நிமிடத்தோடு அந்தத் துணை முடிந்துபோகிறது. அதற்கு அப்புறம் சிக்னல் வராவிட்டாலும், அழைப்பு வராவிட்டாலும், வங்கியின் ஓடிபி வராவிட்டாலும் 90 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு நகர முடியாது. கேட்கவும் ஆள் இல்லை. இதைச் சும்மா விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் மன்னார்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். எங்கள் தொழிலுக்குத் தனியாக விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு பத்திரிகையின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் செல் நம்பரும் இருக்கும், அதுதான் விளம்பரம். மூத்த பெண்ணுக்கு அடித்த பத்திரிகையைப் பீரோவில் போட்டுவைத்திருந்து, இளையவளுக்கு வரன் அமைந்ததும் எடுத்துப் பார்த்துக் கூப்பிடுவார்கள். நடுவில் ஐந்து வருடமும் ஓடியிருக்கும், பத்து வருடமும் ஓடியிருக்கும். ஆகவே என்ன ஆனாலும் நான் நம்பரை விட முடியாது. 2011 ஜனவரி 20 அன்று இந்த வசதி நாடு முழுவதும் வந்தபோது, எங்களைப் போன்றவர்கள்தான் முதலில் மூச்சு விட்டோம். அதற்கு முன்பு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் நம்பரையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 2015 ஜூலையில் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் எண்ணைக் கொண்டுபோகலாம் என்றீர்கள். 2019 டிசம்பரில் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) மாற மூன்று வேலை நாட்கள் போதும் என்றீர்கள். இதையெல்லாம் மறந்துவிட்டுப் பேசவில்லை.

பழைய நிறுவனத்தை விட்டதற்குக் கட்டணம் மட்டும் காரணமல்ல. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியபோது, எங்கே போனாலும் இதுதான் நிலைமை என்று தெரிந்துவிட்டது. 28 நாள் கணக்கில் வருடத்துக்கு 13 ரீசார்ஜ் என்பதும் பழகிப்போயிற்று. (30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022இல் நீங்கள் சொன்னீர்கள். இருக்கிறது. பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டும்.) என்னைக் கிளப்பியது, பேச்சு நடுவில் அறுந்துபோவது. மணமகளின் தகப்பனார் இனிஷியல் ‘கு’வா ‘சு’வா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது லைன் போய்விடும். நாமாக ஒன்றை ஊகித்து அடித்தால் ஐந்நூறு பத்திரிகையும் குப்பைக்குப் போகும், அது அச்சகத்தின் நஷ்டம். இதைப் புகாராகச் சொல்லச் சொல்ல, ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்ற குரலைத் தவிர மனிதக் குரல் கேட்டதில்லை.

மார்கழியில் எங்களுக்கு வேலை குறைவு. தை பிறப்பதற்குள் மாறிவிடலாம் என்று கணக்குப் போட்டு 1900 என்ற எண்ணுக்கு, நிறுவனம் மாறக் கேட்கும் ‘போர்ட்’ எஸ்எம்எஸ் அனுப்பினேன். மாறுவதற்குக் காட்ட வேண்டிய, எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இடக் குறியீடு உடனே வந்தது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கூடவே பழைய நிறுவனத்தின் அழைப்புகளும் வரத் தொடங்கின. இத்தனை நாள் கிடைக்காத மனிதக் குரல் இப்போது ஒன்றுக்கு மூன்றாகக் கிடைத்தது. “ஏன் சார் போறீங்க? உங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் பிளான் போட்டுத் தர்றோம்.” அவர்கள் சொன்ன விலை அவர்களுடைய இணையதளத்தில் இல்லை, ஆப்பில் இல்லை, கடை வாசலில் ஒட்டிய நோட்டீசிலும் இல்லை.

கட்டணத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும், ஆளுக்கொரு விலை வைக்கக் கூடாது என்பது உங்கள் கொள்கை. இப்படி ஆள் பார்த்துக் கொடுக்கும் சலுகைகளின் விவரத்தை நிறுவனங்கள் உங்களிடம் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படியிருந்தும், கிளம்புகிறவனுக்கு ஒரு விலை, வாய் திறக்காமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறவனுக்கு ஒரு விலை. எனக்குக் கோபம் வந்தது எனக்காக மட்டுமல்ல. அதே நிறுவனத்தில் பல வருடமாக இருக்கும் என் தாயார் எத்தனை ரீசார்ஜுக்கு முழு விலை கொடுத்திருப்பார் என்று யோசித்தபோதும்தான்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே நிறுவனத்தின் பெயர் போட்ட குடைக்கடியில் ஒரு தம்பி சிம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆதாரைப் பார்த்தார், படம் எடுத்தார், குறியீட்டை வாங்கிப் பதிவு செய்தார். “அண்ணே, கடைக்குள்ள ஃபுல் டவர் எடுக்கும்ணே, நான் கேரண்டி” என்றார். அவர் பேச்சை நம்பி மட்டும் நான் போகவில்லை. எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்று காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2024ஆம் ஆண்டுச் சேவைத் தர விதிகளில் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல விதி. அந்த வரைபடத்தைத் திறந்து எங்கள் தெருவைப் பார்த்தேன். அழுத்தமான நிறத்தில் தெரு முழுக்கச் சேவை உண்டு என்று காட்டியது. அது பொய்யும் இல்லை. தெருவில் நின்றால் சிக்னல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் பிழைப்பு தெருவில் நடக்கவில்லையே. காங்கிரீட் கூரைக்கடியில், மிஷின் ஓடும் கூடத்துக்குப் பக்கத்து அறையில் நடக்கிறது. அங்கே என்ன கிடைக்கும் என்பதை அந்த நிறம் எனக்குச் சொல்லவில்லை.

மூன்று வேலை நாட்கள் என்பது பொங்கல் விடுமுறையில் மாட்டி இழுத்துக்கொண்டே போயிற்று. ஒருவழியாக ஓர் இரவு பழைய சிம் அணைந்து புதிய சிம் உயிர் பெற்றது. காலையில் கடை திறந்து பார்த்தால், வாசற்படியில் நான்கு கோடு, உள்ளே ‘சேவை இல்லை’. அச்சகத்துக்குள் இருக்கும் எனக்கு யார் அழைத்தாலும் கிடைக்காது. சரி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வோம் என்று பார்த்தால் அடுத்த சங்கடம். குறிப்பிட்ட ஒரு நெட்வொர்க்கிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று பதில் வந்திருக்கிறது. வடுவூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு பார்ட்டி நேரிலேயே வந்து, “என்னப்பா, பிரஸ்ஸ மூடிட்டேன்னு நெனச்சுட்டேன்” என்றபோதுதான் விஷயமே தெரிந்தது. அவர் எங்களோடு பழகியவர், வந்தார். பீரோவிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பார்த்துக் கூப்பிட்ட மற்றவர்கள் பக்கத்துத் தெரு அச்சகத்துக்குப் போயிருப்பார்கள். அதுவும் தை மாதத்தில்.

இதன் தொழில்நுட்பம் எனக்கு ஓரளவு புரிகிறது. ஓர் எண் இடம் மாறினால், அதைக் கூப்பிடுகிற ஒவ்வொரு நெட்வொர்க்கும் அந்த எண் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று பொதுவான தரவுத்தளத்தின்படி பார்த்து, அங்கே அழைப்பை அனுப்ப வேண்டும். ஒருவர் தன் பட்டியலைப் புதுப்பிக்கவில்லை என்றால் அழைப்பு பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். புரிகிறது. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியது அச்சகக்காரனின் வேலையா என்பதுதான் புரியவில்லை.

ஓடிபி கதை இதைவிட மோசம். நண்பர்களின் எஸ்எம்எஸ் வருகிறது. விளம்பர எஸ்எம்எஸ் தவறாமல் வருகிறது, அதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. வங்கியின் ஓடிபி வரவில்லை. வெற்று அட்டைகள் எங்களுக்குச் சிவகாசியிலிருந்து வருகின்றன. பணம் போட்டால்தான் லாரியில் ஏற்றுவார்கள். புதிய சிம் என்பதால் யூபிஐ செயலியை மறுபடி பதிவு செய்ய வேண்டும். சிம் மாற்றி மோசடி செய்கிறவர்கள் இருக்கும் காலத்தில் அந்தக் கெடுபிடி தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு செய்ய வேண்டிய இடத்தில் வங்கியின் செய்தி வராவிட்டால், கணக்கில் பணம் இருந்தும் நான் அதற்கு வெளியாள். இதற்கிடையில் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்தவர் செல்லுக்கு வந்த ஓடிபியைச் சொல்லச் சொன்னார். ஓடிபி வந்தால்தானே சொல்வதற்கு? வாசலில் சிலிண்டரை வைத்துக்கொண்டு அவரும் நாங்களும் செல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆதார், வங்கி, எரிவாயு என்று வீட்டின் எல்லாச் சாவியையும் இந்தப் பத்து இலக்கத்தில் கோத்து வைக்கச் சொன்னது அரசு. இந்த எண் இரண்டு நாள் ஊமையானால் என்ன ஆகும் என்று அப்போது யாராவது யோசித்தார்களா?

இனி, கேட்ட இடங்களும் கிடைத்த பதில்களும். புதிய நிறுவனம்: “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, பழைய கம்பெனில கேளுங்க.” பழைய நிறுவனம்: “நீங்க இப்ப எங்க கஸ்டமர் இல்ல சார்.” அதைச் சொல்ல வைப்பதற்கே பாடுபட வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர்களுடைய புகார் எண் 198, அவர்களுடைய சிம்மிலிருந்து அடித்தால்தான் எடுக்கும். வங்கி: “நாங்க அனுப்பிட்டோம், நெட்வொர்க்ல பிரச்சினை.” குடைத் தம்பியை அப்புறம் அந்த இடத்தில் பார்க்கவில்லை.

உங்களிடம் வரலாம் என்றால், தனிநபர் புகார்களை ஆணையம் விசாரிப்பதில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் காட்டும் வழி, முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அது சரிப்படாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அவருக்கு 39 நாள் அவகாசம். அதற்குள் தையும் முடிந்து மாசி முகூர்த்தங்களும் பாதி போய்விடும். எந்த நிறுவனத்தின் தவறு என்றே தெரியாத குறைக்கு எந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. கைக்கு வராமல் போன அழைப்புகளின் மதிப்பு இவ்வளவு என்று திருவாரூரில் போய் நான் எப்படி நிரூபிப்பது? வராத அழைப்புக்கு ரசீது கிடையாது.

வெறுத்துப்போய் மறுபடியும் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். குறியீடு தர மறுத்து, 90 நாள் ஆகவில்லை என்று பதில் வந்தது.

இந்த 90 நாள் விதி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சலுகைக்குச் சலுகை தாவிக்கொண்டே இருந்தால் நிறுவனங்களுக்குக் கட்டுபடியாகாது, மோசடிக்காரர்களுக்கும் வசதியாகிவிடும். சரி. ஆனால் இந்தப் பூட்டு ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டுகிறது. 90 நாட்கள் நான் அவர்களை விட்டுப் போகக் கூடாது. அந்த 90 நாட்களில் என் கடைக்குள் சேவை தர வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. மன்னார்குடி ஜவுளிக் கடையில் புடவை எடுத்தால்கூட, மடிப்புக் கலையாமல் ஒரு வாரத்தில் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறார்கள். சிம்மின் குணமோ அதைப் போட்டுப் பார்க்காமல் தெரியாது. போட்டுப் பார்த்தாலோ மாட்டிக்கொண்டோம்.

முடிவில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வேறொரு நிறுவனத்தில் இரண்டாவது சிம் வாங்கி, கடைக்குள் இருக்கும் நேரத்தில் பழைய எண்ணின் அழைப்புகள் அதற்குத் திரும்பும்படி வைத்தேன். இரண்டு ரீசார்ஜ். எங்கள் ஊரில் இரண்டு சிம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஆசைக்கு வைத்திருக்கவில்லை. பழைய நிறுவனத்தில் 84 நாளைக்குப் போட்டிருந்த ரீசார்ஜில் மீதி நாட்கள் அப்படியே போயின. கொடுக்காத சேவைக்கு வாங்கிய காசை வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன உரிமை என்று கேட்டால், விதிமுறையில் இருக்கிறதாம்.

உங்களால் முடியாது என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் மாநிலத்தில் வளர்ந்த நிறுவனம், வீட்டுக்கு ஒரு ஏர்செல் நம்பர் இருந்த காலம். டவர் அணைந்த சிம்மிலிருந்து போர்ட் எஸ்எம்எஸ் கூட அனுப்ப முடியாமல் கடை வாசல்களில் கூட்டம் கூடியது. அன்று நீங்கள் வழக்கமான நடைமுறையைத் தளர்த்தி, மாறிக்கொள்ள ஏப்ரல் 15 வரை வழி செய்தீர்கள். 2021 டிசம்பரில், வாடிக்கையாளர் எந்த ரீசார்ஜில் இருந்தாலும் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப விட வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டீர்கள். வெளியேறும் கதவில் யாராவது குறுக்கே நின்றால் நீங்கள் தலையிடுகிறீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

முதலாவதும் முக்கியமானதும்: புதிய நிறுவனத்துக்கு எண் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள், சேவை சரியில்லை என்று புகார் பதிவு செய்த வாடிக்கையாளருக்கு 90 நாள் விதியிலிருந்து விலக்கு வேண்டும். பழைய நிறுவனத்துக்கோ மூன்றாவது ஒன்றுக்கோ அவர் போகட்டும். துஷ்பிரயோகம் ஆகும் என்று பயந்தால், ஓர் எண்ணுக்கு வருடத்தில் ஒரு முறை மட்டும் என்று வையுங்கள். மாற்றுவதற்கான கட்டணத்தை வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாற்றத்துக்கு நீங்கள் நிர்ணயித்திருப்பது 6.46 ரூபாய். அதைப்போலப் பத்து மடங்கு கேட்டாலும் தருகிறேன்.

இரண்டாவது, மாறிய பிறகு அழைப்போ ஓடிபியோ வரவில்லை என்றால் அதற்குப் புதிய நிறுவனம் ஒன்றே பொறுப்பு என்று விதியில் எழுதுங்கள். தவறு பழைய நிறுவனத்தில் இருக்கலாம், வேறொரு நெட்வொர்க்கில் இருக்கலாம், வங்கிக்காகச் செய்தி அனுப்பிக் கொடுக்கும் நிறுவனத்தில் இருக்கலாம். அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் வேலை, என்னை அழைத்துக்கொண்டவர்களுடையது. இரண்டு நாளுக்குள் சரியாகாவிட்டால் அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை, நான் கேட்காமலே, என் கணக்கில் சேர வேண்டும். எண்ணை மாற்றிக்கொண்டு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே எல்லா நெட்வொர்க்கிலிருந்தும் ஒரு சோதனை அழைப்பு போட்டுப் பார்ப்பது இந்த நிறுவனங்களுக்குப் பெரிய காரியமில்லை.

வெளியேறியவரின் புகாரைப் பழைய நிறுவனமும் 60 நாட்கள் வரை பதிவு செய்துதான் ஆக வேண்டும். ‘நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை’ என்பது பதிலாக இருக்கக் கூடாது.

மீதமிருக்கும் ரீசார்ஜ் நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்குக் காலம் ஆகும் என்றால், இப்போதைக்குக் குறியீடு அனுப்பும் செய்தியிலேயே ‘நீங்கள் இத்தனை ரூபாய் மதிப்புள்ள சேவையை இழக்கிறீர்கள்’ என்று சொல்லட்டும். தெரிந்து இழப்பது வேறு. அந்தச் செய்தி தமிழிலும் வர வேண்டும். என் தாயாருக்கு இவர்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்தி எதையும் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு.

குறியீடு கேட்டவரைக் கூப்பிட்டு ரகசிய விலை பேசுவதை நிறுத்துங்கள். அப்படி ஒரு விலை கட்டுபடியாகும் என்றால் அதை எல்லோருக்கும் தெரிய இணையதளத்தில் போடட்டும்.

சேவை வரைபடத்தில், கட்டடத்துக்குள் எப்படி இருக்கும் என்பதைத் தனி நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால், மாறுவதற்கு முன் ஒரு வாரம் போட்டுப் பார்க்கத் தற்காலிக எண்ணோடு ஒரு சோதனை சிம் கொடுக்கச் சொல்லுங்கள். இது நடந்தால் மேலே கேட்டதில் பாதிக்குத் தேவையே இருக்காது.

இவற்றையெல்லாம் ஆலோசனை அறிக்கையாக வெளியிட்டுக் கருத்துக் கேட்பதுதான் உங்கள் வழக்கம் என்று அறிவேன். அந்த அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுங்கள். தொடர்ந்து நடத்தும் பொதுக் கலந்தாய்வுகளில் ஒன்றையாவது தஞ்சாவூரிலோ திருச்சியிலோ வையுங்கள். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வருவார்கள், வரட்டும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வைத்தால் நாங்களும் வந்து பேசுவோம்.

இப்படிக்கு,
மன்னார்குடி அச்சகக்காரர் ஒருவர்